வீட்டுக்குப் போகப் பத்து நாள்

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்ற நர்ஸ் என்று சொன்னால் யாங்கோனின் பபேடான் பேட்டையில் யாரும் நம்புவதில்லை. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஒருமுறை, "ஓய்வா? கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கேன்னு சொல்லு மா கலா, நம்புறேன்" என்றார். முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் கெட்டுப்போனபின், இனி நோயாளிகளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். தூக்க முடியாத நர்ஸுக்கு மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். அம்மா இங்கே தனியாக இருந்தார். ஜெர்மனியின் வடபகுதியில், கடலுக்கு அருகே இருக்கும் ஒரு நடுத்தர ஊரின் மருத்துவமனையில் மூன்று ஆண்டுப் பயிற்சியும் ஐந்து ஆண்டு வேலையும் முடித்துவிட்டு யாங்கோனுக்குத் திரும்பினேன். ஊரில் பாதிப் பேர் வெளியே போக வரிசையில் நின்றபோது நான் பெட்டியோடு உள்ளே வந்துகொண்டிருந்தேன்.

பள்ளித் தோழி ஒருத்தி ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஜெர்மன் வகுப்பு நடத்துகிறாள். மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரமும் மாறும். நர்ஸ் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேச என்னை அழைத்தாள். ஏழு தலைப்புகள் எழுதிக்கொண்டு போனேன். மூன்றாவது தலைப்பில் அலோன் பேட்டையிலிருந்து வரும் மீனா எழுந்து நின்றாள்.

"அக்கா, அங்க பேஷண்டுக்கு லூனாசவுங் யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க."

"அப்ப தண்ணி யாரு குடுப்பா?"

"நர்ஸ்."

"டாக்டர் சீட்டு எழுதினா எடுத்துக்கிட்டு யாரு ஓடுவா?"

"யாரும் ஓட மாட்டாங்க. எல்லாம் வார்டு அலமாரியிலேயே இருக்கும்."

"சும்மா சொல்லாதீங்க அக்கா. அப்ப காசு யாரு கட்டுவா?"

வகுப்பு சிரித்தது. இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு நான்காம் தலைப்புக்குப் போனேன். வீட்டுக்கு நடந்துவரும்போது அந்த இரண்டு வாக்கியங்களும் போதாது என்று தோன்றியது. போதாததை இங்கே எழுதுகிறேன்.

லூனாசவுங் என்றால் நோயாளிக்குத் துணை இருப்பவர். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நான் முதலில் படித்த யாங்கோன் மருத்துவமனையில், எங்கள் வார்டில் நாற்பது கட்டில்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழேயும் ஒரு பாய், ஒரு அடுக்குப் பாத்திரம், ஒரு ஆள். கட்டில்களுக்குக் கீழே இன்னொரு வார்டு இருந்தது என்றே சொல்லலாம். டாக்டர் சீட்டில் எழுதுவார்: ஊசி, கையுறை இரண்டு ஜோடி, குளுக்கோஸ் பாட்டில், பிளாஸ்திரி. கீழ் வார்டு எழுந்து எதிர்சாரி மருந்துக்கடைக்கு ஓடும். மதிய வெயிலில் அந்த வார்டு முழுவதும் விசிறிகள் அசையும். எல்லா விசிறிகளையும் வீசுகிற கைகள் கீழிருந்து வரும். அரைத்தூக்கத்தில் பார்த்தால் கட்டில்கள் தாமாகவே மூச்சு விடுவது போலிருக்கும்.

ஜெர்மனியில் நான் முதலில் பார்த்த வார்டில் கட்டிலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தரை பளபளத்தது. அங்கே குளிர்காலத்தில் எட்டு மணிக்கு மேல்தான் விடியும். அப்போதும் சன்னலில் வெளிச்சத்துக்குப் பதிலாக ஒரு வெண்மைதான் வரும். முதல் சில மாதங்கள் நான் பாதிக் கனவில் நடந்தேன். கட்டில்களுக்கு அடியில் கண்கள் தாமாகப் போகும். அங்கே யாரையோ தேடும்.

பயிற்சி ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மொழி, உடற்கூறு, படுக்கை விரிக்கும் முறை, மறுபடி மொழி. ஒற்றைப் பெயர் உள்ளவளுக்குக் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்காத அலுவலகம் இல்லை.

காசு யார் கட்டுகிறார்கள் என்ற மீனாவின் கேள்விக்கு வருகிறேன். வேலை செய்கிற ஒவ்வொருவரின் சம்பளத்திலும் மாதாமாதம் ஒரு பங்கு மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும். ஏறத்தாழ அதே அளவை முதலாளியும் கட்டுவார். பணம் போகும் இடத்தை அங்கே காஸெ என்பார்கள். அப்படிப்பட்ட காஸெகள் பல உண்டு, பிடித்ததில் சேரலாம். நோய் அதிகம் உள்ளவர் அதிகம் கட்டுவதில்லை. சம்பளம் அதிகம் உள்ளவர்தான் ஒரு வரம்புவரை அதிகம் கட்டுவார். வேலை இல்லாத மனைவியும் பிள்ளைகளும் தனியாக எதுவும் கட்டாமல் அதே காப்பில் இருப்பார்கள். மருத்துவமனைக்கு வருகிறவர் ஓர் அட்டையை நீட்டுகிறார். அவர் கையிலிருந்து போவது நாளுக்கு ஒரு சிறு தொகை. அதுவும் ஆண்டுக்கு இருபத்தெட்டு நாளுக்கு மேல் இல்லை. கட்டடத்துக்கும் பெரிய கருவிகளுக்கும் மாநில அரசு கொடுக்க வேண்டும். சிகிச்சைக்குக் காஸெ கொடுக்கும்.

இங்கேதான் எனக்குப் புரிய ஓராண்டு ஆன விஷயம் இருக்கிறது. காஸெ நாள் கணக்கில் கொடுப்பதில்லை. இடுப்பு எலும்பு முறிவு என்றால் அதற்கு ஒரு தொகை. குடல்வால் என்றால் அதற்கு ஒன்று. வயதும் கூடவுள்ள நோய்களும் சேர்ந்து தொகை மாறும். அதோடு ஒவ்வொரு வகைக்கும் இத்தனை நாள் முதல் இத்தனை நாள் வரை என்று இரண்டு கரைகள் இருக்கும். முன்கரைக்கு முன்னால் அனுப்பினால் தொகையில் வெட்டு. பின்கரையைத் தாண்டினால் நாளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார்கள், செலவுக்குக் காணாது. டாக்டர் பார்வையில் குணமாகிவிட்ட, ஆனால் வீட்டுக்குப் போக இயலாத ஒருவர் கட்டிலில் படுத்திருந்தால், அந்த நாட்கள் யாருடையவையும் அல்ல. ஆற்றின் நடுவில் இஞ்சின் நின்றுபோன படகு மாதிரி அந்தக் கட்டில் மிதக்கும்.

எங்கள் வார்டுத் தலைவி ஃப்ராவ் யான்சன். இங்கே பர்மியில் வயதில் பெரிய பெண்களை 'டோ' என்று சேர்த்து அழைப்பது போல அவர்கள் பெண்களை 'ஃப்ராவ்' என்று சேர்த்து அழைப்பார்கள். ஐம்பத்தெட்டு வயது, நல்ல உயரம், காதுக்குப் பின்னால் பச்சைப் பென்சில். காலை ஆறு மணிக்கு வார்டு அறை வாசலில் ஆறிப்போன காப்பியோடு நின்றுகொண்டே முந்திய நாளின் குறிப்புகளைப் படிப்பார். உட்கார்ந்து படிப்பதை நான் பார்த்ததில்லை. 'நோயாளி நன்றாகச் சாப்பிட்டார்' என்று எழுதியிருந்தால் 'நன்றாக' என்பதன் கீழ் பச்சைக்கோடு விழும். பக்கத்தில் 'எவ்வளவு?' என்று இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். எது நடந்தாலும் மூன்று கேள்விகள்: யார்? எப்போது? எதைக்கொண்டு? ஒருமுறை தண்ணீர்க் குவளை உடைந்ததற்கும் அதே மூன்றைக் கேட்டார். "நான், இப்பத்தான், முழங்கையால" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்து வந்து தாமே பெருக்கினார். பட்டியல் போட்டே வளர்ந்த எனக்கு அவரிடம் பயம் வரவில்லை. ஒழுங்காக அடுக்கிய அலமாரியைப் பார்ப்பது போலிருந்தது.

ஃப்ராவ் ஹோல்ட்ஸ் வந்தது ஒரு பிப்ரவரிக் காலையில். எண்பத்து நான்கு வயது. தபால் அலுவலகத்தில் பொட்டலங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் முப்பது ஆண்டு இருந்தவர். தெருவில் உறைபனியில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்கு முன்பே அவரிடம் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். நோயாளி வந்த முதல் நாளிலேயே அவர் எப்படி வீட்டுக்குப் போவார் என்று யோசிக்கத் தொடங்குவது அங்கே சட்டம். வீட்டில் படிகள் எத்தனை, குளியலறை எப்படி, கவனிக்க ஆள் உண்டா. ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் மருத்துவமனையின் சமூக உதவிப் பிரிவு அன்றே வேலையைத் தொடங்கும். மறுவாழ்வு மருத்துவமனையில் இடம் கேட்கும், காஸெக்கு எழுதும்.

வலிமருந்தின் மயக்கத்தில் அவர் மெதுவாகப் பேசினார். அவர் ஜெர்மனில் சொன்னது எனக்கு எங்கள் வீட்டுத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"வீட்ல யாராவது இருக்காங்களா, ஃப்ராவ் ஹோல்ட்ஸ்?"

"மக இருக்கா. பிர்கிட். நல்ல பொண்ணு. ஒரு நாள் தவறாம பேசுவா."

நான் கட்டத்தில் குறி போட்டேன்: வீட்டில் கவனிப்பு, உண்டு.

போன வாரம் இங்கே அம்மாவோடு ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் படகில் போனேன். ஆற்றில் பனி. அக்கரை தெரியவில்லை, இக்கரையும் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டது. படகில் ஒரு வயதானவரைச் சைக்கார் எனும் பக்க இருக்கை மிதிவண்டியோடு ஏற்றியிருந்தார்கள். கையில் ஊசி, ஊசியில் குழாய், குழாயின் மேல்முனையில் பாட்டில். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். படகு ஆடினால் அவள் கை ஆடாமல் உடம்பு மட்டும் ஆடியது. அம்மா அவளிடம் பர்மியில் என்ன உறவு என்று கேட்டார். மகள் என்றாள். அந்தச் சொல்லுக்கு மேல் அம்மா எதுவும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் குறி போட்ட அன்று எனக்கும் அப்படித்தான். மகள் என்றால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. (ஃப்ராவ் யான்சன் படித்தால் 'நன்றாக' என்பதன் கீழ் கோடு போடுவார்: இரண்டு மணி நேரம், இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.) பன்னிரண்டாம் நாள் காலை டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஃப்ராவ் ஹோல்ட்ஸ் பத்து மணிக்கே கம்பளிக் கோட்டும் தொப்பியும் அணிந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போவார். அதற்கு மேல் முடியாது. நோயாளிகளை வீட்டில் சேர்க்கும் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார்கள்.

"மக எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று நான் மருந்துப் பையைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"வரமாட்டா. மூணு மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணுவா."

"எங்கேருந்து?"

"நியூசிலாந்துலேருந்து. அங்க அப்ப ராத்திரி மூணு மணி. நான் எடுத்தாத்தான் தூங்கப் போவா. மூணு மணிக்குள்ள நான் வீட்ல இருக்கணும் சிஸ்டர், இவங்களை கொஞ்சம் சீக்கிரம் ஓட்டச் சொல்லு."

"உங்க வீடு எந்த மாடி?"

"மூணாவது. நாப்பத்து ரெண்டு படி. லிஃப்ட் எல்லாம் கிடையாது."

என் கையில் மருந்துப் பை இருந்தது. அறை முழுவதும் வெண்மையாக, மிகவும் அமைதியாக இருந்தது. வண்டிக்காரர்கள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கோட்டின் ஓரத்தைச் சக்கரத்தில் சிக்காமல் மடித்து, தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் மூன்று மாடி தூக்கிச் சென்று சோஃபாவில் வைப்பார்கள். கதவைச் சாத்துவார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கழிப்பறைக்கு அழைத்துப்போக ஒருவரும் இல்லை. காகிதத்தில் மட்டும் ஒரு மகள் இருந்தாள். நான் வைத்த மகள்.

தாழ்வாரத்தில் ஓடினேன். அங்கே நர்ஸ்கள் ஓடுவதில்லை. ஓடினால் யாருக்கோ உயிர் போகிறது என்று அர்த்தம். லிஃப்ட் கதவு மூடும்போது கையை நுழைத்தேன்.

"என்ன சிஸ்டர், கூடவே வர்றீங்களா?" என்றார் வண்டிக்காரர்களில் மூத்தவர், உவே. பெரிய மீசைக்காரர்.

"இவங்க இன்னிக்குப் போகல."

"போகலையா? தொப்பியெல்லாம் போட்டாச்சே!"

ஃப்ராவ் ஹோல்ட்ஸ் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கட்டத்திலும் குறிக்க முடியாது.

ஃப்ராவ் யான்சன் வாசலில் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"யாரு?"

"நான்."

"எப்போ?"

"அவங்க சேர்ந்த அன்னிக்கு. காலைல."

"எதைக்கொண்டு?"

"நீலப் பேனாவால. மக இருக்கான்னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். காப்பியை ஒரு மிடறு குடித்தார். அப்போது நோய்க் குறியீடுகளைச் சரிபார்க்க வார்டுக்கு வந்திருந்த டிர்க் அருகில் நின்றார். காஸெக்கு அனுப்ப வேண்டியதைத் தொகுப்பது அவர் வேலை. நல்ல மனிதர். "அந்த ஒரு தாளை மாத்தி எழுதிடலாமே. முதல் நாளே ஆளில்லைன்னு போட்டுட்டா பிரச்சினையே இல்ல. காஸெ சோதனை பண்ண வந்தா இந்தக் குறியத்தான் முதல்ல பிடிப்பாங்க" என்றார்.

எனக்கும் ஒரு கணம், மாற்றலாம் என்றுதான் இருந்தது. யாரும் அறிய மாட்டார்கள். ஃப்ராவ் ஹோல்ட்ஸுக்கும் அதில் நன்மைதான்.

"டிர்க், உன் காப்பி உன் மேசையில ஆறுது" என்றார் ஃப்ராவ் யான்சன். பிறகு தாளை என்னிடம் நீட்டினார். "எழுதினதை அடிக்காத. கீழே இன்னிக்குத் தேதி போட்டு, இன்னிக்கு என்ன தெரிஞ்சுக்கிட்டியோ அதை எழுது. அப்புறம் போனை எடு."

அப்போது சட்டத்தில் புதிதாக ஒரு வழி வந்திருந்தது. சிகிச்சை முடிந்த ஒருவருக்கு வீட்டுச் செவிலியர் சேவையோ, தற்காலிகப் பராமரிப்பு இல்லமோ, மறுவாழ்வு மருத்துவமனையோ கிடைக்கவில்லை என்றால், அதே மருத்துவமனையிலேயே பத்து நாள் வரை வைத்துக்கொள்ளலாம். காஸெ அதற்குத் தனியாகக் கொடுக்கும். ஆனால் கிடைக்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும். எங்கே கேட்டோம், யாரிடம், எந்த மணிக்கு, என்ன சொன்னார்கள். தாளில் இருபது வரிகள் இருந்தன. சமூக உதவிப் பிரிவுப் பெண் காய்ச்சலில் விடுப்பு. கட்டில்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு என்னை நாள் முழுவதும் தொலைபேசியில் உட்கார வைத்தார் ஃப்ராவ் யான்சன்.

கம்பியில்லாத போனை எடுத்துக்கொண்டு ஃப்ராவ் ஹோல்ட்ஸின் கட்டிலருகே போனேன். அவரைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழ வேண்டும் என்று தோன்றியது. அவர் தொப்பியைக் கழற்றவில்லை.

"எதுக்கு என்னைப் பிடிச்சு வச்சிருக்கே?"

"வீட்ல யாருமில்ல. நான் தப்பா எழுதிட்டேன்."

"எனக்கு யாரும் வேணாம். பதினொரு வருஷமா தனியாத்தான் இருக்கேன்."

"கழிப்பறைக்கு?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்த்தபடியே மெல்லிய குரலில் சொன்னார். "எங்க மாடியில இருந்த ரெண்டு பேரு இப்படித்தான் மூணு வாரம் இல்லத்துக்குன்னு போனாங்க. அவங்க வீட்ல இப்ப வேற ஆளுங்க. சிஸ்டர், எனக்கு அந்தப் படி ஏறணும். அவ்வளவுதான்."

மூன்று மணிக்கு என் சொந்தக் கைபேசியில் நியூசிலாந்து எண்ணை அழைத்து அவர் காதில் வைத்தேன். தான் நலமாக இருப்பதாகவும், இந்த நர்ஸ் பொண்ணு கொஞ்சம் பிடிவாதக்காரி என்றும் மகளிடம் சொன்னார்.

அந்த நாளை நினைத்தால் காத்திருப்பு இசைதான் முதலில் வருகிறது. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு பியானோ. வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, மருத்துவமனையின் பெயரைச் சொல்லி, இடம் உண்டா என்று கேட்டு, இல்லை என்பதை எழுதி, மணியைக் குறித்து, அடுத்த எண். மறுவாழ்வு மருத்துவமனையில் ஐந்து வாரம் கழித்துத்தான் இடம். அவர்கள் சொல்லும் ஊரின் பெயரைக் கேட்டு ஃப்ராவ் ஹோல்ட்ஸ் தபால் எண்ணைச் சொல்லுவார்.

"அதுவா? அந்த ஊருப் பொட்டலமெல்லாம் எப்பவும் நனைஞ்சுதான் போய்ச் சேரும்."

"ஃப்ராவ் ஹோல்ட்ஸ், நான் போன்ல இருக்கேன்."

"இருந்துக்கோ. உண்மையத்தானே சொல்றேன்."

பதினான்காவது அழைப்பில் ஒரு பெண் உற்சாகமாக, "இருக்கே! நாளைக்கே அனுப்புங்க" என்றாள். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் இல்லம். மூன்று வாரம்.

நான் பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். இந்த வரியை எழுதினால் பத்து நாள் இல்லை. எழுதாமல் விட்டால் அந்தத் தாள் பொய். காலையில் ஒரு பொய்யை அப்படியே விட்டுக் கீழே உண்மையை எழுதியிருந்தேன். மாலையில் இன்னொன்றைச் செய்ய முடியாது. ஃப்ராவ் ஹோல்ட்ஸ் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

வரியை எழுதினேன். இடம் உண்டு, நாளை முதல். தாளை எடுத்துக்கொண்டு ஃப்ராவ் யான்சனிடம் போனேன்.

அவர் படித்தார். பச்சைப் பென்சிலை எடுத்தார். 'உண்டு' என்பதன் கீழ் கோடு போட்டார்.

"எது உண்டு?"

"கட்டில்."

"அவங்களுக்குக் கட்டிலா வேணும்?"

அவர் பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். நான் திரும்பிப்போய் மீண்டும் அந்த இல்லத்தை அழைத்தேன். அந்த உற்சாகமான பெண்ணிடம் கேட்டேன்: அவரைப் படியேறப் பயிற்றுவிப்பது யார்? வாரத்தில் எந்த நாட்களில்? எந்தப் படிக்கட்டில்? அவள் தயங்கினாள். தங்கள் இல்லத்தில் லிஃப்ட் இருப்பதாகச் சொன்னாள். உடற்பயிற்சியாளர் இந்த மாதம் இல்லை. வந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்துக் கை அசைப்பதுதான். அவள் பெயரைக் கேட்டு, மணியையும் சேர்த்து அதே வரியில் எழுதினேன். டாக்டர் வந்து படித்துப் பார்த்தார். தினமும் நடைப்பயிற்சி தேவை, இந்த இடம் இந்த நோயாளிக்குப் பொருந்தாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதி ஆறு வரிகளும் இல்லை என்றே நிரம்பின.

பத்து நாள் கிடைத்தது.

அந்தப் பத்து நாட்களும் எனக்கு ஒரே நீண்ட பிற்பகலாக நினைவிருக்கின்றன. உடற்பயிற்சியாளர் காலையில் வருவார். மருத்துவமனையின் பின்புறப் படிக்கட்டில், பெரிய கண்ணாடிச் சன்னலின் வெளிச்சத்தில், ஃப்ராவ் ஹோல்ட்ஸ் ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் ஊன்றுகோலுமாக நிற்பார். முதல் நாள் இரண்டு படி. நல்ல கால் முதலில் மேலே. கெட்ட கால் முதலில் கீழே. மூன்றாம் நாள் அழுதார். நான்காம் நாள் வரமாட்டேன் என்றார். உடற்பயிற்சியாளர் போய்விட்டபின், யாரும் பார்க்காத நேரம் பார்த்து என்னை அழைத்துப் போகச் சொன்னார். ஏழாம் நாள் இருபத்தொன்று. நான் பின்னால் ஒரு படி கீழே, விழுந்தால் தாங்குவதற்காகக் கையை விரித்தபடி வருவேன். என் முதுகு முதலில் எச்சரித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். எட்டாம் நாள் சன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டியது. அவர் நின்று பார்த்துவிட்டு, "இந்த மாதிரி நாள்ல பொட்டலத்துல எல்லாம் மை கலங்கியிருக்கும், விலாசமே தெரியாது, ஆனாலும் போய்ச் சேரும்" என்றார். பத்தாம் நாள் காலை நாற்பத்து இரண்டு. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார்.

இதற்கிடையில் காலையும் மாலையும் வீட்டுக்கே வரும் செவிலியர் சேவை ஒன்று கிடைத்தது. கழிப்பறையில் கைப்பிடி பொருத்த காஸெ ஒத்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்துச் சோதனை வந்தது. டிர்க் சொன்னபடி அந்தக் குறியைத்தான் முதலில் பிடித்தார்கள். இடம் தேடுவதை ஏன் பன்னிரண்டாம் நாள் தொடங்கினீர்கள் என்று கேட்டார்கள். ஃப்ராவ் யான்சன் படிவத்தையும், கீழே நான் எழுதியதையும், இருபது வரித் தாளையும் அப்படியே அனுப்பினார். பத்தில் மூன்று நாளுக்குத் தர மறுத்துவிட்டார்கள். மருத்துவமனை மேலிடத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் என்ன இருந்தது என்று அவர் சொல்லவில்லை. அந்த வாரம் எங்கள் வார்டின் படிவத்தில் ஒரு கேள்வி மாறியிருந்தது. 'வீட்டில் கவனிக்க ஆள் உண்டா?' என்பது போய், 'வீட்டுக்குப் போன மறுநாள் காலை ஏழு மணிக்கு உங்களோடு அந்த வீட்டில் இருப்பவர் யார்?' என்று வந்தது. அதைச் சொல்லித் தந்தது நான்தான். தட்டச்சு செய்தது அவர்.

ஆனால் ஃப்ராவ் ஹோல்ட்ஸ் வீட்டுக்குப் போனது இதற்கெல்லாம் முன்னால். அதை நான் பார்க்கவில்லை. பத்தாம் நாள் மதியம் உவேதான் அழைத்துப் போனார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் வார்டு வாசலில் வந்து நின்றார். மீசை இரண்டு பக்கமும் தொங்கியிருந்தது. கையில் பயணச் சீட்டு. நோயாளியை வீட்டில் சேர்த்தபின் சீட்டின் பின்புறம் நோயாளியின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் காஸெ வண்டிக் கூலி தராது.

"சிஸ்டர், உங்க ஃப்ராவ் ஹோல்ட்ஸ் எங்களை நாற்காலியையே விரிக்க விடல."

"நடந்தா ஏறினாங்க?"

"நடந்துதான். நாங்க ரெண்டு பேரும் நாற்காலிய மடக்கித் தூக்கிக்கிட்டு பின்னாடி போனோம். ரெண்டாவது மாடியில அவங்க உட்கார்ந்தாங்க, நாங்களும் உட்கார்ந்தோம். எதுத்த வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துட்டு யாரு செத்தான்னு கேக்குறா."

"அப்புறம்?"

"மேல போறப்பவே உள்ள போன் அடிக்குது. இவங்க சாவியத் தேடுறாங்க. நான் குடுங்கன்னா குடுக்க மாட்டேங்குறாங்க. தொறந்தாங்க, உள்ள போனாங்க, என் மூஞ்சியில கதவைச் சாத்திட்டாங்க. கையெழுத்து போடுங்கன்னு நான் வெளிய நின்னு தட்டுறேன். உள்ள ஒரே சிரிப்பு. போன்ல பேசிக்கிட்டே இருக்காங்க. அரை மணி நேரம் நின்னேன், சிஸ்டர்."

சீட்டை என்னிடம் நீட்டினார். "நீங்க போட்டுடுங்களேன்."

"நான் போடக் கூடாது, உவே. அவங்கதான் போடணும்."

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே தெரிந்த வண்டியைப் பார்த்தார்.

"நாப்பத்து ரெண்டு படி" என்றார்.

"ஆமா" என்றேன்.

பெருமூச்சு விட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார்.